கீழ்க்கிளைகளை விட்டுவிட்டு வெட்டுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதங்கள் பகுதியில் ஒருவர், கிறிஸ்துமஸுக்காக உயிருள்ள மரத்தை வெட்டி வீட்டுக்குள் நிறுத்துவது பாவம் என்றும், அந்தக் காரியத்துக்குப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போவது அதைவிடப் பெரிய பாவம் என்றும் எழுதியிருந்தார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மரத்தின் மேல் உண்மையான பிரியம் உள்ளவர் என்பது அவர் எழுத்திலேயே தெரிந்தது. ஆனால் நாங்கள் பதினோரு வருஷமாக டிசம்பர் பிறந்ததும் குடும்பமாக மரப்பண்ணைக்குப் போய், மரத்தை நாங்களே பார்த்துத் தேர்ந்தெடுத்து, எங்கள் கையால் வெட்டிக்கொண்டு வருகிறவர்கள். அவர் இன்றைக்குச் சொன்னதை என் மாமனார் பதினோரு வருஷத்துக்கு முன்னாலேயே எங்கள் வீட்டில் சொன்னார். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். கடிதம் நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மாமனார் ஐம்பது வருஷம் தச்சு வேலை பார்த்தவர். முதல் வருஷம் பண்ணை வாசல் வரை எங்களோடு வந்தவர், வண்டியை விட்டு இறங்கவில்லை. “வைரம் பாயாத இளமரத்துல வாள் வைக்கக் கூடாதும்மா. தொழிலுக்கே ஆகாது” என்றார். மூத்தவனுக்கு அப்போது ஆறு வயசு, சின்னவள் கைக்குழந்தை. குழந்தையை அவரிடம் விட்டுவிட்டு நானும் என் கணவரும் பையனும் மட்டும் உள்ளே போனோம்.

பண்ணையை நடத்துகிற அம்மாவுக்கு அப்போதே அறுபதைத் தாண்டியிருக்கும். ரம்பம் ஒன்று கொடுத்தார், தரையில் விரித்துப் படுக்கச் சாக்கு ஒன்று கொடுத்தார், அப்புறம் ஒரு நிபந்தனையும் போட்டார். தரையை ஒட்டி அறுக்கக் கூடாது. அடியில் ஒரு சுற்றுப் பச்சைக் கிளைகளை அப்படியே விட்டுவிட்டு அதற்கு மேலேதான் அறுக்க வேண்டும். ஏன் என்று கேட்டதற்கு, அடுத்த வரிசைக்கு எங்களை அழைத்துப் போய் ஓர் அடிக்கட்டையைக் காட்டினார். இரண்டு மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டியது. வெட்டிய முகம் பிசின் படிந்து சாம்பல் நிறத்தில் காய்ந்திருந்தது. அதற்குக் கீழே, பக்கவாட்டில் போய்க்கொண்டிருந்த ஒரு கிளை முழங்கை மடங்குவது போல வளைந்து நேர் மேலே நிமிர்ந்திருந்தது. அந்தக் கிளையைச் சுற்றிலும் குட்டிக் கிளைகள் விரிந்து, ஒரு முழ உயரத்தில் ஒரு கிறிஸ்துமஸ் மரமே நின்றது. வேர் சாகவில்லை. தலை போனதும் கிளை தலையாகிவிட்டது.

பையன் ஓடிப்போய்த் தாத்தாவை இழுத்துக்கொண்டு வந்தான். அவர் குழந்தையைத் தோளில் போட்டபடியே குனிந்து அந்தக் கட்டையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். “இது மறுதாம்புல்ல” என்றார். வெட்டிய கரும்பின் கட்டையிலிருந்து மறுபடி கிளம்பி வருமே, அந்தப் பயிர். அன்றைக்கு எங்கள் மரம் விழும்போது நின்று பிடித்துக்கொண்டவர் அவர்தான்.

எல்லா மரமும் இப்படி வந்துவிடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஊசியிலை மரங்களில் பெரும்பாலானவை மொட்டைக் கட்டையிலிருந்து துளிர்க்காது. கட்டையில் பச்சைக் கிளை மிச்சம் இருந்தால்தான் வேருக்குச் சாப்பாடு போகும். ஃபிர் வகை மரங்களில் இது நன்றாக வரும். பல பண்ணைகளில் இந்த வேலையே வைத்துக்கொள்ளாமல், வெட்டிய கட்டைக்குப் பக்கத்தில் அடுத்த வசந்தத்தில் புது நாற்று நட்டுவிடுகிறார்கள். எப்படியானாலும் அந்த இடம் காலியாக இருப்பதில்லை.

காடு அழிகிறது என்று அந்த வாசகர் எழுதியிருந்தார். நாங்கள் போவது காட்டுக்கு அல்ல, வயலுக்கு. வரிசை பிடித்து நட்ட வயல். விதை போட்டு நாற்றங்காலில் மூன்று நான்கு வருஷம் வளர்த்து, பிடுங்கி வயலில் நட்டு, அதற்கப்புறம் ஏழிலிருந்து பத்து வருஷம் காத்திருந்தால்தான் ஒரு மரம் ஆள் உயரத்தைத் தாண்டும். அத்தனை வருஷமும் களை எடுக்க வேண்டும். மான் நுனியைக் கடிக்காமல், எலி அடிப்பட்டையைக் கொறிக்காமல் பார்க்க வேண்டும். கோடையில் ஒவ்வொரு மரமாகச் சுற்றி வந்து நீளக் கத்தியால் சீவிவிட வேண்டும். கூம்பு போன்ற அந்த வடிவம் பாதி மரத்துடையது, பாதி அந்த அம்மாவின் தோள்பட்டையுடையது. இந்த வருஷம் வெட்டுகிற ஒரு மரத்தைச் சுற்றி, அடுத்த வருஷத்துக்கும் அதற்கடுத்த வருஷத்துக்கும் ஆன மரங்கள் வெவ்வேறு உயரத்தில் நிற்கின்றன. வாங்க ஆள் இல்லை என்றால் அந்த நிலத்தில் இந்த மரங்கள் இருக்கப் போவதில்லை. வேறு ஏதாவது பயிர் இருக்கும், அல்லது கட்டடம் இருக்கும்.

காட்டில் வெட்டுவதற்கும் முறை உண்டு. அமெரிக்காவில் பல தேசிய வனங்களில் வனத்துறையே அனுமதிச்சீட்டு கொடுத்து, எந்தப் பகுதியில், என்ன உயரம் வரை வெட்டலாம் என்று சொல்லி அனுப்புகிறது. நெருக்கமாக முளைத்த இடங்களில் சின்ன மரங்கள் சில போனால் மற்றவை நன்றாக வரும் என்பதுதான் காரணம். நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அங்கே தரப்படும் இலவச பாஸ் இருந்தால், மரம் வெட்டும் அனுமதிக்கும் கட்டணம் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வா என்று அழைக்கிறார்கள் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். அனுமதி இல்லாமல் யாரோ ஒருவர் நிலத்திலோ காட்டிலோ போய் வெட்டுவது திருட்டு. அதில் எனக்கும் அந்த வாசகருக்கும் கருத்து வேறுபாடே இல்லை.

இனி, பிள்ளைகளை ஏன் கூட்டிப்போக வேண்டும் என்பதற்கு வருகிறேன்.

என் பிள்ளைகளுக்கு மரம் என்றால் முதலில் பச்சை நிற முக்கோணம். வரையச் சொன்னால் அதைத்தான் வரைவார்கள். பண்ணைக்குப் போன பிறகுதான் முக்கோணத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்தது. ஓர் ஊசியிலையைப் பறித்து இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டச் சொன்னார் அந்த அம்மா. தட்டையாக இருந்து உருள மறுத்தால் ஃபிர். நாலு பட்டையாக இருந்து உருண்டால் ஸ்ப்ரூஸ். இரண்டு, மூன்று, ஐந்து என்று ஒரே காம்பில் கட்டாக இருந்தால் பைன். ஆறு வயசுப் பையன் பத்து நிமிஷத்தில் இதைப் பிடித்துக்கொண்டான். இன்றைக்கும் எந்த ஊசியிலை மரத்தைக் கண்டாலும் அவன் கை தானாகப் போய் ஓர் இலையை உருட்டிப் பார்க்கும்.

அதில் இன்னும் சூட்சுமம் இருக்கிறது. ஃபிர் மரத்துக் காய் கிளை மேல் மெழுகுவர்த்தி போல நிமிர்ந்து நிற்கும், முற்றினால் மரத்திலேயே உதிர்ந்து செதில் செதிலாகப் போய்விடும். ஸ்ப்ரூஸ் காய் கீழ்நோக்கித் தொங்கும், முழுசாக விழும். டக்ளஸ் ஃபிர் என்று பெயர் இருந்தாலும் அது உண்மையில் ஃபிர் வகையில் சேராது. அதன் காயின் ஒவ்வொரு செதிலுக்குக் கீழும் எலி வாலும் பின்னங்காலும் எட்டிப் பார்ப்பது போல மூன்று முனை நீட்டிக்கொண்டிருக்கும். சின்னவள் அந்தக் காய் ஒன்றைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டே ஒரு மாதம் தூங்கினாள்.

எந்த மரம் வாங்கலாம் என்று என்னைக் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான். வாசனை வேண்டும் என்றால் பால்சம் ஃபிர். வீட்டுக் கதவைத் திறக்கும்போதே தெரியும். கனமான பொருட்களைத் தொங்கவிட வேண்டும், இலை கொட்டவும் கூடாது என்றால் ஃபிரேசர் ஃபிர். இலையின் அடிப்பக்கம் வெள்ளி பூசியதுபோல இருக்கும். இதற்குப் பெயர் தந்த ஜான் ஃபிரேசர் ஸ்காட்லாந்துக்காரர், அப்பலாச்சியன் மலைகளில் செடிகொடி தேடி அலைந்தவர். இயற்கையில் இந்த மரம் அந்த மலைத்தொடரின் தென்பகுதி உச்சிகளில் மட்டும்தான் இருக்கிறது. கைக்குழந்தை தவழ்கிற வீடு என்றால் நார்ட்மன் ஃபிர், இலை குத்தாது. அது காகசஸ் மலை மரம். ஐரோப்பியப் பண்ணைகளுக்கு வேண்டிய விதையில் பெரும்பங்கு ஜார்ஜியா நாட்டு மலைகளிலிருந்து போகிறது. அங்கே வானம் தொடுகிற மரங்களில் ஆட்கள் ஏறி உச்சியிலிருந்து காய் பறிக்கிறார்கள். நீல ஸ்ப்ரூஸ் பார்க்க அழகு, ஆனால் ஊசி உண்மையாகவே ஊசி. நார்வே ஸ்ப்ரூஸ் சூடான அறையில் சீக்கிரம் உதிரும், அதைப் பண்டிகைக்குச் சில நாள் முன்னால் கொண்டுவந்தால் போதும்.

தேர்ந்தெடுப்பதில்தான் அரை நாள் போகிறது, போகத்தான் வேண்டும். திறந்த வானத்துக்குக் கீழே நிற்கும்போது எந்த மரமும் சின்னதாகத் தெரியும். முதல் வருஷம் கண்ணளவை நம்பி வெட்டி, வீட்டில் கூரை இடித்து, அடியில் ஓர் அடிக்கு மேல் அறுத்துத் தள்ள வேண்டியதாகிவிட்டது. அதோடு நல்ல அடிக்கிளைகளும் போயின. மறுவருஷத்திலிருந்து மாமா ஒரு துடைப்பக் கட்டையோடு இன்னொரு கட்டையைச் சேர்த்துப் பூட்டி, அடிக்கணக்கு வெட்டி, அளவுகோல் செய்து கொடுத்துவிட்டார். கூரை உயரத்தில் ஓர் அடியைக் கழித்துவிட வேண்டும். அது கீழே ஸ்டாண்டுக்கும் மேலே நட்சத்திரத்துக்கும். அகலத்தையும் அளக்க வேண்டும், பலர் அதை மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் மரத்தை நாலு பக்கமும் சுற்றி வர வேண்டும். உள்ளே கையை விட்டு அடிமரம் நேராக இருக்கிறதா, ஸ்டாண்டில் நிற்க அடியில் போதுமான அளவு கிளையில்லாத பகுதி கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். உட்புறத்தில் பழுப்பு இலை கொஞ்சம் கொட்டினால் பயப்பட வேண்டாம், அது பழைய வருஷத்து இலை. என் கணவருக்கு எந்தப் பக்கமும் குறை இல்லாத மரம் வேண்டும். எனக்கு ஒரு பக்கம் சூம்பின மரம் போதும். சூம்பின பக்கம் சுவரைப் பார்த்து நிற்கட்டும். வயலில் எல்லாரும் ஒதுக்கிவிட்டுப் போகிற மரத்தை எடுத்து வரும்போது எனக்குத் தனி சந்தோஷம். இதில் வருஷா வருஷம் வாக்கெடுப்பு நடக்கும். ஐந்து பேர் என்பதால் சமமாக நிற்காது. ஒரு தடவை எல்லாரும் ஒப்புக்கொண்ட மரத்தில் சின்னவள் உள்ளே ஒரு பழைய குருவிக்கூட்டைக் கண்டுபிடித்தாள். காலிக் கூடுதான். இருந்தாலும் அடுத்த வருஷம் குருவி தேடி வருமே என்று அழுதாள். அந்த மரத்தை விட்டுவிட்டு வேறு மரத்துக்குப் போனோம். நாங்கள் யாரும் அவளை மறுத்துப் பேசவில்லை.

பாவம் என்று எழுதிய வாசகர் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். கடையில் பெட்டியில் வருகிற மரத்துக்காக எந்தப் பிள்ளையும் அப்படி அழுததில்லை.

வெட்டுகிற வேலையை அவசரமாகச் செய்யக் கூடாது. ஒருவர் சாக்கை விரித்து மரத்துக்கு அடியில் படுத்துக்கொள்ள வேண்டும். இன்னொருவர் மரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ரம்பம் பாதி அடிமரத்தைத் தாண்டியதும், பிடித்திருப்பவர் மரத்தை ரம்பம் நுழைந்த பக்கத்துக்கு எதிர்ப்பக்கமாக மெதுவாகச் சாய்க்க வேண்டும். அப்போது வெட்டு வாய் திறந்துகொடுக்கும். தெரியாமல் இந்தப் பக்கமே சாய்த்துவிட்டால் மரம் ரம்பத்தைக் கவ்விக்கொள்ளும், எவ்வளவு இழுத்தாலும் நகராது. பையனுக்கு ஒன்பது வயசான வருஷம் முதல் தடவையாக ரம்பம் அவன் கைக்குப் போனது. அழுத்தி அழுத்தி அறுத்தான், வியர்த்துப் போனான். மாமா பக்கத்தில் மண்டியிட்டு, “அழுத்தாதப்பா. வாள் கனமே போதும். நீ முன்னயும் பின்னயும் கொண்டுபோ, எடுக்கிறத அது எடுத்துக்கும்” என்றார். அதற்கப்புறம் சத்தமே மாறிவிட்டது. கரகரவென்று இருந்தது சரசரவென்று ஆனது. வெளிறிய தூள் பனியில் விழுந்துகொண்டே இருந்தது. மரம் பிரிந்ததும் யாரும் கைதட்டவில்லை. பையன் எழுந்து நின்று, கையுறையைக் கழற்றி, அந்த அடிக்கட்டையின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தான். அவனை யாரும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை.

கையில் ஒட்டிய பிசின் சோப்புக்குப் போகாது. சமையல் எண்ணெய் தடவித் தேய்த்தால் வந்துவிடும். மரத்தை வண்டி மேல் கட்டும்போது அடிப்பக்கம் முன்னால் இருக்க வேண்டும், நுனி பின்னால். மாற்றிக் கட்டினால் காற்று கிளைகளைப் பிரித்து இலையை உருவிவிடும்.

உண்மையான தவறு எங்கே நடக்கிறது என்று கேட்டால், வயலில் அல்ல, வீட்டில் என்பேன். மூன்றாவது வருஷம் எங்களுக்கே நடந்தது. கொண்டுவந்த மரத்தை இரண்டு நாள் கொட்டகையில் சாத்தி வைத்துவிட்டு, அப்படியே ஸ்டாண்டில் நிறுத்தித் தண்ணீர் ஊற்றினோம். தண்ணீர் குறையவே இல்லை. மரத்துக்குத் தாகம் இல்லை என்று நினைத்துக்கொண்டோம். வெட்டிய முகத்தில் சில மணி நேரத்திலேயே பிசின் படிந்து அடைத்துவிடும் என்பது அப்போது தெரியாது. இருபதாம் தேதி ஒரு கிளையை வளைத்தேன், படீரென்று ஒடிந்தது. இருபத்து மூன்றாம் தேதி வெளியே தூக்கிப் போட்டோம். ஒரு மரம் பத்து வருஷம் வளர்ந்து எங்கள் வீட்டில் தாகத்தில் செத்தது. அந்த வாசகர் பாவம் என்ற சொல்லை இதற்குச் சொல்லியிருந்தால் நான் தலைகுனிந்து ஏற்றுக்கொண்டிருப்பேன்.

இன்னொரு வருஷம் மாமாவுக்கு உடம்பு சரியில்லாததால் பண்ணைக்குப் போகாமல் வழியோரத்தில் வெட்டி அடுக்கியிருந்த மரம் ஒன்றை வாங்கினோம். நேற்றுத்தான் வெட்டியது என்றார் விற்றவர். வீட்டில் இறக்கி ஒரு தட்டுத் தட்டியதும் பச்சை இலை மழையாகக் கொட்டியது. மூன்று வாரத்துக்கு முந்திய மரமாகத்தான் இருக்க வேண்டும். பண்ணையில் நாமே வெட்டினால் இந்தச் சந்தேகமே கிடையாது.

அதனால் வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, அடியில் ஓர் அங்குல வட்டத்தை நேராக அறுத்து எடுப்பது. சாய்வாக அறுக்கக் கூடாது. ஸ்டாண்டுக்குள் நுழையவில்லை என்று பட்டையைச் சீவவும் கூடாது, பட்டையை ஒட்டிய ஓரத்து மரம்தான் அதிகம் தண்ணீர் இழுப்பது. வேண்டுமானால் ஸ்டாண்டை மாற்றுங்கள். உடனே தண்ணீரில் நிறுத்திவிட வேண்டும். அடிமரத்தின் குறுக்களவில் ஓர் அங்குலத்துக்கு நாளைக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர் என்று கணக்கு. சர்க்கரை, மாத்திரை எதுவும் கலக்க வேண்டாம், வெறும் தண்ணீர்தான். எங்கள் வீட்டில் தண்ணீர் ஊற்றுவது சின்னவளின் பொறுப்பு. பழைய நோட்டு ஒன்றில் தேதி போட்டு எழுதி வைக்கிறாள். போன வருஷம் முதல் நாள் நாலு லிட்டர், இரண்டாம் நாள் இரண்டரை, அப்புறம் தினமும் ஒன்றரை. தண்ணீர் குடிக்கிற மரம் லேசில் தீப்பிடிக்காது. காய்ந்த மரம் நொடியில் பிடித்துக்கொள்ளும், அதில் விளையாட்டே வேண்டாம். ஹீட்டர் பக்கத்தில் நிறுத்தாதீர்கள், தூங்கப் போகும்போது விளக்கை அணைத்துவிடுங்கள். ஒரு காலத்தில் கிளைகளில் நிஜ மெழுகுவர்த்தி ஏற்றினார்கள். 1882இல் எடிசனின் கூட்டாளி எட்வர்ட் ஜான்சன்தான் நியூயார்க்கில் தன் வீட்டு மரத்தில் 80 சின்ன மின்விளக்குகளைச் சுற்றிக் காட்டினார். இப்போதுள்ள எல்இடி விளக்கு அவ்வளவாகச் சூடாகாது.

அறுத்து எடுத்த அந்த ஓர் அங்குல வட்டத்தை மாமா தூக்கிப் போடுவதில்லை. காயவைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பின்பக்கம் வருஷத்தை எழுதி வைக்கிறார். வழியோரத்து மரத்துக்கு மட்டும் மறுத்துவிட்டார், ஆகப் பத்து வட்டம் அவர் அலமாரியில் இருக்கிறது.

அதில் இரண்டைப் பற்றி நான் கட்டாயம் சொல்ல வேண்டும். முதல் வருஷத்து அடிக்கட்டையில், பண்ணை அம்மாவின் சம்மதத்தோடு, பையன் ஒரு தகரத்துண்டைக் கம்பியால் தொங்கவிட்டிருந்தான். ஒவ்வொரு வருஷமும் போனதும் முதலில் அதைத்தான் பார்ப்போம். மூன்று கிளைகள் போட்டி போட்டுக்கொண்டு நிமிர்ந்தன. அந்த அம்மா இரண்டை நறுக்கிவிட்டு ஒன்றை விட்டார். முதலில் என் முழங்கால் உயரம், பிறகு சின்னவளின் உயரம், பிறகு அவளைத் தாண்டிவிட்டது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மரத்தையே வெட்டினோம். ரம்பம் சின்னவள் கையில், மரம் அவள் அண்ணன் கையில்.

வீட்டுக்கு வந்து இரண்டு வட்டத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் மாமா. ஒரே வேரில் வந்த இரண்டு மரம், ஏறக்குறைய ஒரே பருமன். முதல் வட்டத்தில் ஒன்பது வளையம், நெருக்கமாக. இரண்டாவதில் ஏழுதான், ஆனால் ஒவ்வொன்றும் அகலம். வேர் தயாராக இருந்ததால் இரண்டாம் மரம் வேகமாக வளர்ந்திருக்கிறது. இரண்டாவதில் நடுப்புள்ளி நடுவில் இல்லை, ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது. அகலமான பக்கம் செம்பழுப்பாக இருந்தது. மாமா விரலால் தடவிக் காட்டினார். “இதுதான் படுத்திருந்த கிளை நிமிர்றதுக்காகக் கீழ இருந்து தள்ளின இடம். இந்தச் செவப்பு பலகையில வந்தா நாங்க கழிச்சுடுவோம், கோணிக்கும். ஆனா மரத்துக்கு இது தம் புடிச்ச இடம்” என்றார். சாய்ந்த ஊசியிலை மரம் நிமிரும்போது அடிப்பக்கத்தில் இப்படித்தான் மரம் கட்டும் என்று பிறகு பையனும் படித்துச் சொன்னான். வண்டியை விட்டு இறங்க மறுத்த அதே மனுஷர்தான் அன்றைக்கு ராத்திரி வெகுநேரம் அந்த வட்டத்தைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டாம் தடவை வெட்டும்போதும் கீழ்க்கிளைகளை விட்டுவிட்டுத்தான் வெட்டினோம்.

பிளாஸ்டிக் மரமே மேல் என்று அந்த வாசகர் முடித்திருந்தார். பிரிட்டனின் கார்பன் டிரஸ்ட் அமைப்பு போட்ட கணக்கின்படி, 2 மீட்டர் செயற்கை மரம் ஒன்றின் கரியமிலச் சுமை, அதாவது அதனால் காற்றில் சேரும் கரியமில வாயுவின் கணக்கு, சுமார் 40 கிலோ. அதே உயர நிஜ மரத்தைப் பண்டிகை முடிந்ததும் தூளாக்கிப் பரப்பினாலோ எரித்தாலோ சுமார் 3.5 கிலோ. குப்பைமேட்டில் கொட்டினால் மட்கும்போது மீத்தேன் கிளம்புவதால் அது 16 கிலோவாகிவிடும். ஆகவே பிளாஸ்டிக் மரம் வைத்திருப்பவர்கள் அதைப் பத்துப் பன்னிரண்டு வருஷமாவது பயன்படுத்துங்கள், அதுதான் நியாயம். இருக்கிறதைத் தூக்கி எறிந்துவிட்டு நிஜ மரம் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன். நிஜ மரம் வாங்குபவர்கள் அதைக் குப்பையோடு போடாதீர்கள். இங்கிலாந்தில் லித்தம் செயின்ட் ஆன்ஸ் கடற்கரையில் பழைய கிறிஸ்துமஸ் மரங்களை மணலில் வரிசையாக நட்டு, காற்றில் பறக்கும் மணலைப் பிடித்துவைத்து மணல்மேட்டை மீட்கிறார்கள். நாங்கள் கிளைகளை நறுக்கிச் செடிகளின் அடியில் மூடாக்குப் போடுகிறோம்.

வெட்டிய மரம் என்றாலே துக்கம் என்று நினைப்பவர்களுக்கு, என் பையனுக்கு வண்டியில் போகும்போது நான் சொன்ன ஒரு சம்பவத்தைச் சொல்கிறேன். 1917 டிசம்பர் 6ஆம் தேதி கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் வெடிமருந்து ஏற்றிய கப்பல் இன்னொரு கப்பலோடு மோதி வெடித்ததில் நகரத்தின் ஒரு பகுதியே தரைமட்டமானது. ஏறக்குறைய இரண்டாயிரம் பேர் இறந்தார்கள். அன்றிரவே அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து மருத்துவர்களையும் மருந்தையும் ஏற்றிக்கொண்டு ரயில் கிளம்பியது, வழியில் பனிப்புயலைத் தாண்டிப் போய்ச் சேர்ந்தது. மறுவருஷம், ஹாலிஃபாக்ஸ் இருக்கிற நோவா ஸ்கோஷியா மாகாணத்து மக்கள் நன்றியாக பாஸ்டனுக்கு ஒரு கிறிஸ்துமஸ் மரம் அனுப்பினார்கள். 1971இலிருந்து வருஷம் தவறாமல் அனுப்புகிறார்கள். யாரோ ஒருவர் தன் நிலத்தில் வளர்த்த மரத்தைத் தருகிறார், ஊர் கூடி நின்று வெட்டி அனுப்புகிறது. அந்த மரம் வெட்டப்படாமல் நின்றிருந்தால் இந்த நன்றி எதில் ஏறிப் போயிருக்கும் என்று பையன் கேட்டான்.

ஆசிரியர் அவர்களிடம் ஒரு வேண்டுகோள். டிசம்பர் முதல் வாரத்திலேயே மரத்தைத் தேர்ந்தெடுப்பது, அடியைப் புதிதாக அறுப்பது, தண்ணீர் வைப்பது, பண்டிகைக்குப் பின் என்ன செய்வது என்பதை உங்கள் நாளிதழில் ஒரு கால் பக்கமாவது போடுங்கள். அதில் மறக்காமல் ஒரு வரி, பண்ணைக்காரர் சம்மதித்தால் கீழ்க்கிளைகளை விட்டுவிட்டு வெட்டுங்கள் என்று.

அந்த வாசகரும் ஒரு தடவை தன் வீட்டுப் பிள்ளைகளோடு ஏதாவது ஒரு மரப்பண்ணைக்குப் போய் வர வேண்டும். வெட்ட வேண்டாம், அடிக்கட்டைகளைப் பார்த்துவிட்டு வந்தால் போதும்.

நாங்கள் வரும் சனிக்கிழமை போகிறோம். தகரத்துண்டு தொங்குகிற கட்டையில் மூன்றாவது தலை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். மாமா ரம்பத்துக்கு நேற்றே அரம் போட்டு, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி வைத்துவிட்டார். சின்னவள் அளவுகோலில் ஏழடிக்கு நேராகச் சிவப்பு நூல் கட்டியிருக்கிறாள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகி